மருந்துக்கு முறியாத நோன்பு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், இது உரக்கச் சொல்கிற கதை இல்லை. பாலக்கரையில் ஒரு தாய் தன் பெண்ணைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்காக ஒரே ஒரு பொய் சொன்னாள். அதைத்தான் சொல்லப் போகிறேன். மனசு கனக்கும். கனத்தால் என் மேல் சாய்ந்துகொள்ளுங்கள்.

அவள் பேர் தஸ்லிமா. புருஷன் ஜமீல் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். ஒரே மகள் ருக்ஸார், ஒன்பது வயது. அந்தப் பிள்ளை ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடப் போகும். போகிற வழியில் பூனையைப் பார்க்கும். பூனையோடு தெருமுனை வரை போய்விடும். வீட்டுப்பாடம் பாதி, சோறு பாதி, பேசுகிற பேச்சும் பாதியிலேயே வேறு எங்கோ தாவிவிடும். பள்ளிக்கூடத்தில் அவளுடைய இடம் பெஞ்சு இல்லை, வகுப்புக்கு வெளியே வராந்தா.

எல்லாம் இனிப்பு செய்கிற வேலை என்று யாரோ சொன்னார்கள். தஸ்லிமா சர்க்கரையை நிறுத்தினாள், மைதாவை நிறுத்தினாள், கலர் போட்ட எதையும் வாசல் தாண்டி வரவிடவில்லை. கல்யாண வீட்டில் பிரியாணியோடு வைத்த பிரெட் அல்வாவைப் பிள்ளையின் தட்டிலிருந்து அத்தனை பேர் முன்னால் எடுத்தாள். ஒரு வருஷம் போனது. பிள்ளையின் முகம்தான் வாடியது, கால்கள் அடங்கவில்லை.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் டாக்டர் சுபலட்சுமியிடம் போனாள். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியதும் பிள்ளை ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்கியது. டாக்டர் பல தடவை வரச் சொல்லி, பார்த்து, பேசி, பிறகு பேரைச் சொன்னார். ஏடிஹெச்டி. கவனம் ஓரிடத்தில் நிற்காத, கை கால் ஓயாத குறைபாடு.

"இனிப்பைக் குறைச்சது தப்பில்லம்மா," என்றார். "ஆனா கண்ணு சரியாத் தெரியாத பிள்ளைக்கு காரட்டை மட்டும் குடுத்துட்டு, கண்ணாடி வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

மாத்திரை எழுதிக்கொடுத்தார், காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. மாத்திரை போட்டால் மத்தியானப் பசி செத்துவிடும் என்பதால், காலையிலேயே முட்டையும் கேழ்வரகு அடையும் வயிறு நிறையக் கொடுக்கச் சொன்னார். தஸ்லிமா ஊட்டிவிட்டே கொடுத்தாள். மாத்திரையை நீட்டும்போது மட்டும் ருக்ஸார் எதுவும் கேட்க மாட்டாள். குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறப்பாள். ஒரு மாசத்தில் ஒரு கிளிப் படத்தை, வால் நுனி வரைக்கும், கோட்டைத் தாண்டாமல் கலர் அடித்து முடித்தாள். அவள் பிறந்ததிலிருந்து முடித்த முதல் காரியம் அதுதான். தஸ்லிமா அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்ப்பாள்.

ஜமீலின் அக்கா ஷரபுன்னிசா லால்குடியில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைக்கு அத்தை, குப்பி என்று கூப்பிடும்; தஸ்லிமாவுக்கு மச்சி. அவள் கிளியைப் பார்க்கவில்லை. பிள்ளையின் கழுத்தெலும்பைத்தான் பார்த்தாள்.

"என்னடி இது, பிள்ளைய காய வெச்ச கருவாடாக்கி வெச்சிருக்கே? என் தம்பி அங்க வெயில்ல வேகுறான். நீ இங்க அவன் பெத்ததுக்குப் பைத்தியக்கார மாத்திரை குடுக்குறே."

"பைத்தியம் இல்ல மச்சி. டாக்டர் சொன்னது..."

"டாக்டரா வளக்கப்போறா? எங்கிட்ட அனுப்பு. கட்டிலோட சேத்துக் கட்டிப் போட்டா மூணாம் நாள் தானா உக்காரும். என் ரெண்டாவது பயல் அப்படித்தான் அடங்குனான். இப்பப் பாரு, வாயே திறக்க மாட்டான்." பெருமையாகச் சொல்லிச் சிரித்தாள்.

ஜமீல் போனில் பேசினான். "அக்கா சொல்றதும் சரின்னுதான் படுது தஸ்லி. நோன்பு மாசம் வருது. பிள்ளைக்கு முதல் நோன்பு வெச்சிருவோம். சனத்துக்கு முன்னாடி ஒழுங்கா உக்காந்துட்டாள்னா நான் அப்புறம் பேச மாட்டேன். இல்லேன்னா லால்குடிதான்."

அவர்கள் குடும்பத்தில் பிள்ளை முதல் நோன்பு வைக்கிற நாள் ஒரு சின்னக் கல்யாணம். புதுத்துணி உடுத்தி, மல்லிகைச் சரத்தை மாலையாகப் போட்டு, நடு ஹாலில் உட்காரவைப்பார்கள். சொந்தபந்தம் வந்து அந்தப் பிள்ளையோடு சேர்ந்து நோன்பு திறக்கும்.

தஸ்லிமா இதையும் டாக்டரிடம் கேட்டிருந்தாள். "மருந்து சாப்பிடுற சின்னப் பிள்ளை, வேண்டாம். நோன்பை விட உங்க மார்க்கத்துலயே இடம் இருக்கே, உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லியிருந்தார். தெரிந்ததுதான். அதைப் புருஷனிடம் சொல்ல வாயெடுப்பதற்குள், பக்கத்தில் நின்ற ருக்ஸார் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் வெப்பேன் அத்தா! எனக்குத்தான் மத்தியானம் பசிக்கவே பசிக்காதே!"

முதல் நோன்பு அன்றைக்கு, விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டோடு காலை மாத்திரை போனது. வெயில் ஏறுவதற்குள் அதன் வேகம் இறங்கியது. மத்தியான மாத்திரைக்கு வழியில்லை. பிள்ளை பீரோ மேல் ஏறினாள். வடைக்கு அரைத்த மாவில் கையை விட்டாள். புதுப் பாவாடையின் ஜரிகையைப் பிரித்தாள். ஆனால் ஒரு பொட்டுத் தண்ணீர் பல்லில் படவிடவில்லை. குழாயடியில் முகம் கழுவும்போதுகூட உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டாள். "அம்மா, இன்னும் எவ்ளோ நேரம்? நான் முடிச்சிருவேன்ல? கிளி மாதிரி முடிச்சிருவேன்ல?" என்று வீடு முழுக்க ஓடி ஓடிக் கேட்டாள்.

லால்குடி பஸ்ஸில் வந்து இறங்கிய ஷரபுன்னிசா நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். "ஓடட்டும் ஓடட்டும். என் தம்பி வீடியோவுல பாக்கத்தானே போறான்."

சாயங்கால அசர் தொழுகை முடிந்து பெண்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். தஸ்லிமா மாத்திரை அட்டையை எடுத்தாள். பிள்ளையைச் சமையல்கட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர் டம்ளர்.

ருக்ஸார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நோன்பும்மா!"

"மருந்துக்கு நோன்பு முறியாதுடா தங்கம்."

"தண்ணி இருக்கே?"

"மருந்தோட சேந்த தண்ணிக்கும் முறியாது."

"நிஜமாவா?"

"அம்மா உங்கிட்டப் பொய் சொல்வேனா?"

கை இறங்கியது. குருவி வாயைத் திறந்தது.

கண்ணுகளா, அதற்கப்புறம் அந்த ஹாலைப் பார்த்திருக்க வேண்டும். மல்லிகை மாலையோடு சம்மணம் போட்டு அந்தப் பிள்ளை உட்கார்ந்த உட்காரலைப் பார்த்து, இதுவா அந்த வாலு என்று பெண்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஓதச் சொன்ன குர்ஆன் சூராவைத் தடுமாறாமல் முழுசாக ஓதினாள். கஞ்சிச் சட்டியில் சாய்த்து நிறுத்திய போனுக்குள் ஜமீல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வென்றுவிட்டோம் என்று தஸ்லிமா நினைத்தாள்.

நோன்பு திறக்கப் பாங்கு சொல்லக் கொஞ்ச நேரம்தான். எல்லார் கையிலும் பேரீச்சம்பழம். ஷரபுன்னிசா மனசே இல்லாமல் கேட்டாள்.

"பரவால்லடி. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கலையா?"

"மாத்திரைக்கு மட்டும்தான் குடிச்சேன் குப்பி. இப்பத்தான், சமையக்கட்டுல. அதுக்கு முறியாதுல்ல?"

ஷரபுன்னிசா குனிந்து பிள்ளையின் விரல்களைப் பிரித்தாள். பேரீச்சம்பழத்தை எடுத்துத் தட்டில் போட்டாள். "நோன்பு வெச்சவங்களுக்குத்தான் இது. உனக்கு உங்கம்மா எப்பவோ திறந்துவிட்டுட்டா." போனைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டியாடா தம்பி? நோன்பு வெச்ச பிள்ளைய ஏமாத்தி வாயில தண்ணி ஊத்தியிருக்கா உன் பொண்டாட்டி. இவகிட்டத்தான் பிள்ள வளரணுமாம்."

"சின்னப் பிள்ளை, அறியாம செஞ்சது. அல்லா ஏத்துக்குவான்," என்றாள் மூலையிலிருந்த ஒருத்தி. அவள் குரல் யாருக்கும் எட்டவில்லை.

ருக்ஸார் தாயைப் பார்த்தாள். "அம்மா? முறிஞ்சிருச்சா?"

வேறொரு நாளாக இருந்தால் பிள்ளை அழுது புரண்டிருக்கும். அழுகையின் பாதியில் ஜன்னலில் ஒரு காக்கையைப் பார்த்திருக்கும். காக்கையின் பின்னால் ஓடி எல்லாவற்றையும் மறந்திருக்கும். ஆனால் மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும் அவள் காதுக்குள் போய், அங்கேயே உட்கார்ந்தது. அசையாமல் கேட்டாள். பிறகு மாலையை ஒரு பூ உதிராமல் கழற்றி, அழகாகச் சுருட்டி, தாயின் கையில் கொடுத்தாள். வெளியே பாங்கு சொன்னது. எல்லாரும் நோன்பு திறந்தார்கள்.

மறுநாள் காலையில் தஸ்லிமா முட்டையை உரித்து மாத்திரையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ருக்ஸார் உதட்டை உள்ளுக்கு மடித்துக்கொண்டாள், குழாயடியில் மடித்த மாதிரியே. தஸ்லிமா கெஞ்சினாள், காலைப் பிடித்தாள். அந்த வாய் திறக்கவில்லை. ராத்திரி அங்கேயே தங்கியிருந்த குப்பி வந்து நின்றதும் திறந்தது.

"நான் குப்பியோட போறேன். குப்பி திட்டும். ஆனா பொய் சொல்லாது."

ஜமீல் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னான். "அனுப்பு."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் லால்குடி பஸ் புறப்பட நின்றது. தஸ்லிமா மாத்திரை அட்டையை நாத்தனாரின் பைக்குள் திணித்தாள். "காலையில வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு மச்சி. உங்க கையாலயே குடுங்க. நீங்க குடுத்தா வாங்கிக்குவா."

ஷரபுன்னிசா அட்டையை எடுத்து ஜன்னல் வழியாகக் கீழே போட்டாள். "நீயே முழுங்கு. உனக்குத்தான் வேணும்."

தஸ்லிமா குனிந்து மண்ணிலிருந்து பொறுக்கும்போது மேலே மகளின் குரல் கேட்டது. மாத்திரை இல்லாத அந்தப் பழைய குரல், துள்ளிக்கொண்டு.

"குப்பி, உங்க வீட்டுல கட்டில் இருக்காமே? நாங்க பாய்லதான் படுப்போம். நான் கட்டில்ல படுக்கலாமா?"

"ஏன் படுக்கக்கூடாது? உனக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன்."

பஸ் கிளம்பியது. பிள்ளை ஜன்னலில் கையை ஆட்டினாள். அம்மாவுக்கு ஆட்டினாளா, எதிரே போன பலூன்காரனுக்கு ஆட்டினாளா, தஸ்லிமாவுக்குத் தெரியவில்லை.

அவ்வளவுதான், கண்ணுகளா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு உலை எந்நாளும் கொதிக்கட்டும். உங்கள் பிள்ளைகள் ஓடட்டும், ஓடிக் களைத்து உங்கள் மடிக்கே வரட்டும். நீங்கள் நீட்டுகிற கைக்கு அந்த வாய்கள் பயமில்லாமல் திறக்கட்டும். அப்படித் திறக்கிற வாய்க்கு மெய்யை மட்டும் கொடுக்கிற தைரியம் உங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் வாய்க்கட்டும். நல்லா இருங்கள்.