மாடியில் வாடகைக்கு இருக்கறவர்

எனக்கு வாய் நீளம் என்று என் தையல் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். அந்த வாயே ஆஸ்பத்திரியில் என் கழுத்தை அறுத்தது.

தம்பிக்கு நெஞ்சுவலி. அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு, வழி நெடுக அவன் கையை விடாமல் வந்தது கரண்டுதான். எலக்ட்ரீஷியன் என்பதால் நாங்கள் வைத்த பெயர். தம்பியும் அவனும் என் வீட்டு மாடியில் பல வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். சண்டையும் சமாதானமுமாக, என் குடித்தனத்தைவிட ஒழுங்காகவே.

இரண்டு ஆண்கள் அப்படி வாழ்ந்தால் ஜெயில் என்று வெள்ளைக்காரன் ஒரு சட்டம் எழுதினான். அவன் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். நம்மவர்கள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை போலீஸ் வந்து கதவைத் தட்டியபோது, "மாடியில வாடகைக்கு இருக்கறவருங்க" என்று சமாளித்தேன். அன்றைக்கே கரண்டை உட்கார வைத்து, "யார் கேட்டாலும் இதையேதான் சொல்லணும், உளறி வைக்காத" என்று மனப்பாடம் செய்ய வைத்தேன். போன வருஷம் கோர்ட் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. தம்பி தெருவுக்கே கேட்கும்படி பாட்டு வைத்தான்.

"உடனே ஆபரேஷன். வீட்டு ஆளுங்க மட்டும் உள்ள வந்து பார்த்துடுங்க," என்றாள் நர்ஸ். கரண்டைக் காட்டி, "இவர் யாரு?"

"மாடியில வாடகைக்கு இருக்கறவருங்க."

யோசிக்கவே இல்லை. பழக்கதோஷம். கரண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

உள்ளே தம்பி என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான்.

"அவன் எங்கக்கா?"

"வெளிய இருக்கான்டா."

"ஏன்?"

என்னத்தைச் சொல்வேன்? பாவி, நான்தான் நிறுத்திவிட்டு வந்தேன் என்றா? வெளியே ஓடினேன்.

"சிஸ்டர், அவனை உள்ள விடுங்க. எங்க வீட்டு மாப்பிள்ளை அவன்."

"உங்க பொண்ணு வீட்டுக்காரரா?"

"இல்ல. என் தம்பிக்கு."

பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரரும் திரும்பினார். இந்தத் தடவை எனக்குப் பயமில்லை.

"இப்பதானே வேற சொன்னீங்க?" நர்ஸ் கரண்டிடமே கேட்டாள். "நீங்களே சொல்லுங்க சார். பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?"

அவன் எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். போலீஸ்காரரைப் பார்த்தான்.

"மாடியில வாடகைக்கு இருக்கறவருங்க," என்றான்.

யாரோ சிரித்தார்கள். 'இருக்கறேன்' என்று மாற்றிச் சொல்லக்கூட அவனுக்கு வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்தது அப்படியே வந்து விழுந்தது. எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

உள்ளே ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம் கேட்டது. ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது.

கரண்டு என் பக்கம் குனிந்தான்.

"சரியாத்தானேக்கா சொன்னேன்?"