கழற்றிய ஹெல்மெட்

தப்பான ஃபைலைத் திறந்தவன் நான்தான். பென்டிரைவில் இருந்ததே இரண்டு வீடியோ. அதில் ஒன்றைச் சரியாக எடுக்கத் துப்பில்லாத நான், ஐம்பத்தோரு வயதில் சினிமாவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கப் படிக்க வந்திருந்தேன்.

ஞாயிறு காலை வகுப்பு. ஒரு காட்சியை ஷாட் ஷாட்டாகப் பிரித்துக் காட்டுவது வீட்டுப்பாடம். திரையில் வந்ததோ ஒரு கிடங்கின் கண்காணிப்பு கேமரா பதிவு. சரக்கு அடுக்கின் மேலிருந்து ஒருவர் விழுகிறார். இரண்டு பேர் ஓடி வருகிறார்கள். நாற்பது நொடி. விழுகிறவர் என் அக்கா வீட்டுக்காரர். போன மாதம் செத்துப்போன என் அத்தான்.

நிறுத்தியிருக்கலாம். ரிமோட் கையில்தான் இருந்தது. கைதான் என் பேச்சைக் கேட்கவில்லை.

"லாங் ஷாட். மேலேயிருந்து பார்க்குற அசையாத கேமரா," என்றார் வாத்தியாரம்மா, நான் ஏதோ புதுசாகக் கொண்டுவந்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில். "இதுல எத்தனை ஷாட்?"

"ஒண்ணு," என்றேன்.

"ரெண்டு சார்," என்றார் பின்வரிசைத் தையல்காரர். "விழும்போது தலையில ஹெல்மெட் இருக்கு. ஆளுங்க ஓடி வர்றப்ப பக்கத்துல கிடக்கு. கன்டினியூட்டில கோட்டை விட்டுட்டாங்க!"

வகுப்பே சிரித்தது. பழக்கதோஷம், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாத்தியாரம்மா பின்னால் ஓட்டிப் பார்த்தார். "தூணோட நிழலையும் பாருங்க. ஒரே நொடியில ஒரு அடி நகர்ந்திருக்கு. நடுவுல நேரத்தை வெட்டி எடுத்திருக்காங்க. இதுக்குப் பேர்தான் ஜம்ப் கட். எந்தப் படம் சார் இது?"

"குடும்பப் படம்," என்றேன். வேறென்ன சொல்ல?

நடிகர் கையில் வாட்ச் மாறினால்கூடக் கண்டுபிடித்து, பக்கத்து சீட்டுக்காரர் நிம்மதியைக் கெடுப்பவன் நான். என் மனைவி எனக்கு வைத்த பட்டப்பெயரே 'கன்டினியூட்டி'. கம்பெனி கொடுத்த அந்த வீடியோவை முப்பது தடவையாவது பார்த்திருப்பேன். அத்தான் முகத்தை மட்டும். அதுவும் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு.

அக்கா அதைப் பார்க்கவே இல்லை. "நீதானே இதெல்லாம் படிக்கிற, பார்த்துச் சொல்லுடா. ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"இல்லக்கா. விழுந்தார், உடனே போயிட்டார். ஒரே ஷாட்."

ஒரே ஷாட்டாம்! பெரிய மேதாவி. கம்பெனியும் அதையேதான் சொன்னது. விழுந்ததுமே உயிர் போனது, யார் மேலும் குறையில்லை என்று எழுதிய காகிதத்தில் அக்கா மறுநாள் கையெழுத்துப் போடவேண்டும்.

வகுப்பிலிருந்து நேராகக் கிடங்குக்குப் போனேன். ஞாயிறும் அங்கே வேலை உண்டு.

"கேமரா பழசு சார், அப்பப்போ தாவும்," என்றார் மேனேஜர்.

"கேமரா தாவினா ஹெல்மெட்டும் கழண்டுக்குமா?"

"வருத்தத்துல இருக்கீங்க. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

கேமரா அறைக்காரரை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன். அத்தானோடு தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர். சாவு வீட்டில் என் கண்ணைப் பார்க்காமலே நின்றவர்.

"சண்டைக்கு வரலண்ணே. சண்டை போடுற உடம்பா இது? அக்கா நாளைக்குக் கையெழுத்துப் போடணும். அந்த ஹெல்மெட்டை யாரு கழட்டினது?"

சாவியைத் திருகினார். வண்டி கிளம்பவில்லை. மறுபடியும் திருகினார். அப்புறம் ஹேண்டில்பார் மேல் குனிந்துகொண்டார்.

"அவரேதான் கழட்டினாரு. வெட்டினது நான். இருபது நிமிஷம். விழுந்ததுமே மேனேஜருக்குப் போன் பண்ணேன். லோடு கிளம்பட்டும், அப்புறம் ஆள் அனுப்பறேன்னாரு."

"அதுவரைக்கும் அத்தான்?"

"ஹெல்மெட்டைக் கேமராவுக்கு நேரா ஆட்டிக்கிட்டே இருந்தாரு தம்பி. நான் ஸ்கிரீன் முன்னாடிதான் உக்காந்திருந்தேன்."