நீல மூடிப் பெட்டி

என் மனைவி நடீன் ஜெயிக்கும்போதெல்லாம் கூட்டத்தில் முதலில் கைதட்டுகிறவன் நான்தான். உள்ளே வயிறு எரிவது யாருக்கும் தெரியாது.

பண்ணைகளின் நீர் பம்புகளைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. சனிக்கிழமை வந்தால் ரிவால்வரைத் தூக்கிக்கொண்டு சுடுகளத்துக்குப் போய்விடுவேன். முப்பது வருடம் இப்படி ஓடியும் ஐடஹோ மாநிலப் போட்டியில் நான்காம் இடத்தைத் தாண்டியதில்லை. நடீன் துப்பாக்கியைத் தொட்டு இரண்டே வருடம்தான் ஆகிறது. வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க அலுப்பாக இருக்கிறதென்று கூட வந்தவள், போன வருடம் மூன்றாம் இடத்துக்கு வந்தாள். இப்போதெல்லாம் களத்தில் வெர்ன் என்கிற என் பெயரே பாதிப் பேருக்கு மறந்துவிட்டது. நடீனுடைய வீட்டுக்காரன், அவ்வளவுதான்.

அவள் சுடும்போது துப்பாக்கி துள்ளவே துள்ளாது. எட்டுக் குண்டும் ஒரே மூச்சில் போகும், குழல் வைத்த இடத்திலேயே நிற்கும். "என்ன கைப்பா அது!" என்று வாயைப் பிளப்பார்கள். கையாம் கை! அவளுக்குக் குதிரையிலிருந்து விழுந்து உடைந்த மணிக்கட்டு. அதற்காக ஒரு குளிர்காலம் முழுக்க கார் கொட்டகையில் உட்கார்ந்து, வெடிமருந்தை இம்மி இம்மியாகக் குறைத்து, கனமான குண்டை மெதுவாகத் தள்ளுகிற தோட்டாவை நான் உருவாக்கினேன். அதன் உதை, பூனை தலையால் முட்டுகிற அளவுக்குத்தான் இருக்கும். அது யார் போட்ட தோட்டா என்று இதுவரை ஒரு ஜென்மம் கேட்டதில்லை.

மருந்தை இஷ்டத்துக்குக் குறைத்துவிடவும் முடியாது. போட்டியன்று எட்டுத் தோட்டாவை வாங்கிக்கொள்வார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை எடை போடுவார்கள், மற்றதை வேகமானிக்கு முன்னால் சுட்டுப் பார்ப்பார்கள். எடையையும் வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் குறைந்தது நூற்றிருபது வர வேண்டும். வராவிட்டால் அன்று முழுக்கச் சுடலாம், மதிப்பெண் மட்டும் கிடையாது. நூற்றிருபதுக்கு மேலே எவ்வளவு ஒட்டி நிற்கிறோமோ அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஆகஸ்ட் வெயிலில் என் தோட்டா நூற்றிருபத்திரண்டு காட்டியது. இருவருக்கும் அதையே இருநூறு இருநூறாகப் போட்டு வைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் காலைக் குளிரில் அதையே சுட்டுப் பார்த்தேன். நூற்றுப் பதினேழு! குளிரில் அந்த மருந்து சோம்பிப் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. மாநிலப் போட்டியோ அக்டோபரில், ஆற்றோரக் களத்தில். அன்றே உட்கார்ந்து எனக்கு மட்டும் தராசில் இரண்டு புள்ளி மருந்தைக் கூட்டிப் புதிதாக இருநூறு போட்டேன். நடீனுக்குப் போட வேண்டிய காலித் தோட்டாக் கூடுகளும் கழுவிக் காய்ந்து பக்கத்திலேயே இருந்தன. மருந்து டப்பாவும் திறந்துதான் இருந்தது. நான் தோட்டா போடும் பிரஸ் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

மறதி என்று சொல்ல மாட்டேன். வேகமானியில் அவள் ஒரு தடவை மூக்கறுபட வேண்டும், அந்தப் புகழ் கையுடையதா மருந்துடையதா என்று ஊர் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பொறாமைதான், வேறென்ன.

ஆனால் பெட்டிகளின் அடியில் வழக்கம்போலச் சீட்டு ஒட்டினேன். சிவப்பு மூடி போட்ட அவள் பெட்டியில் ஆகஸ்ட் தேதியும் மருந்து அளவும் ஏற்கெனவே இருந்தன. நீல மூடி போட்ட என் பெட்டியில் செப்டம்பர் என்றும் கூடுதல் அளவையும் எழுதினேன். தோட்டா போடுகிற எவனும் சீட்டில் பொய் எழுத மாட்டான். எழுதினால் ஒரு நாள் யாருக்காவது விரல் போகும். வாயால் சொன்ன பொய் வேறு கணக்கு.

"வெர்ன், உன்னோடதும் என்னோடதும் ஒண்ணுதானே?" என்று கிளம்புவதற்கு முந்தைய நாள் நடீன் கேட்டாள்.

"ஒண்ணுதான்."

"குளிர்ல ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாது. நீ பேசாம சுடு."

போட்டியன்று காலை விடுதி வாசலில் நின்ற எங்கள் பிக்கப் வண்டியின் கண்ணாடியில் பனி அப்பிக் கிடந்தது. நான் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது நடீன் உள்ளே சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தவள் காரணமே இல்லாமல் என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

எங்கள் குழுவுக்கு முதல் வேலையே வேகமானிதான். அளப்பவர் கிளைட், ஓய்வு பெற்ற தபால்காரர். நடீனை முதலில் கூப்பிட்டார். நான் காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி முகத்தில் வருத்தத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"நூத்திருபத்திரெண்டு. போம்மா, தாராளமா சுடு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் குளிர்கூட அவளுக்கு மட்டும் சலுகை காட்டுகிறதா?

அடுத்தது நான். கிளைட் மூன்று சுட்டார். முகத்தைச் சுளித்து இன்னும் மூன்று சுட்டார். அப்புறம் மிச்சமிருந்த ஒன்றையும் சுட்டார். "நூத்திப் பதினேழுக்கு மேல ஏறலியேப்பா."

"வாய்ப்பே இல்ல, திரும்பப் பாரு!" என்று கத்தினேன்.

என் பழைய கூட்டாளி டெல்மர் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "என்ன வெர்ன், மருந்துக்குப் பதிலா காப்பித்தூள் போட்டுட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் நீல மூடிப் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் என் கையெழுத்தில் ஆகஸ்ட் என்று இருந்தது.

நடீன் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "நான்தான் வெர்ன். காலைல ரெண்டு மூடியையும் மாத்திப் போட்டேன்."

"எதுக்கு?"

"சீட்டைப் பார்த்தேன். உன்னோடதுல மருந்து கூட இருந்துச்சு. பம்பு வேலையில உன் கட்டைவிரல் வீங்கிப் போயிருக்கு, இருந்தும் மெத்துனதை எனக்குக் குடுத்துட்டு, உதைக்கிறதை இந்த மனுஷன் வெச்சுக்கிட்டானேன்னு நெனச்சேன். மனசு கேக்கல." அவள் கண் கலங்கிவிட்டது. "உன் போட்டியவே கெடுத்துட்டேனே!"

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடீன் கண்ணீரைத் துடைத்தாள். பிறகு மெதுவாக யோசிக்க ஆரம்பித்தாள். அவள் யோசிப்பது அவள் முகத்திலேயே எனக்குத் தெரியும்.

"செப்டம்பர்ல உன்னோடதுல ஏன் கூட்டின?"

"குளிருக்கு."

"ஆகஸ்ட் தோட்டா குளிர்ல நிக்காதுன்னு தெரிஞ்சுதானே கூட்டின?"

"ம்."

"என்னோடதுல?"

நான் பெட்டியை நேராகத் திருப்பி மூடியை அழுத்தினேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. காதுக் கவசத்தை மாட்டிக்கொண்டு முதல் சுற்றுக்கு நடந்து போனாள்.

அன்று எட்டுச் சுற்று, மொத்தத்தில் குறைந்த நேரத்தில் சுட்டு முடிக்கிறவருக்குத்தான் வெற்றி. மதிப்பெண் இல்லாவிட்டாலும் நான் கடைசி வரை சுட்டேன். நான் உருவாக்கியதிலேயே மெத்தென்ற தோட்டா என் கையில் இருந்தது. உதையே இல்லை. ஆனாலும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் எப்போதும் வருகிற நான்காம் இடத்து நேரம்தான். நடீனிடம் என் தோட்டா. அந்த இரண்டு புள்ளிக்குக் குழல் கொஞ்சம் எகிறத்தான் செய்தது. அவள் மணிக்கட்டு அதைப் பிடித்து இறக்கிவிட்டு அடுத்ததைச் சுட்டது. நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். ஒரு சுற்றிலாவது தடுமாறுவாள் என்று காத்திருந்தேன். அந்த நிலையிலும் அப்படித்தான் காத்திருந்தேன், கேவலம்தான். அவள் தடுமாறவில்லை. மத்தியானம் எனக்கு ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து கொடுத்தாள், பேசாமல்.

மாலையில் களத்துக் கொட்டகைக்குள் பரிசளிப்பு நடந்தது. முதல் இடம் நடீன். ஐடஹோவில் ரிவால்வர் பிரிவில் ஒரு பெண் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று கிளைட் ஒலிபெருக்கியில் சொன்னார். பலகைக் கேடயத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "எல்லாருக்கும் தெரிஞ்சுக்க ஆசை. என்ன தோட்டாம்மா போடுற? யார் போட்டுக் குடுக்கிறது?"

முப்பது வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வி வந்தது.

நடீன் ஒலிபெருக்கியை வாங்கினாள். கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"என் புருஷன் போட்டது," என்றாள். "தனக்காகப் போட்டுக்கிட்டது."

கொட்டகை அதிர்ந்தது. தன் தோட்டாவை மனைவிக்குக் கொடுத்துவிட்டுத் தான் தோற்றவன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டி கண்ணைத் துடைத்தாள். டெல்மர் என் முதுகில் ஓங்கித் தட்டி, "எழுந்து நில்லுடா, உனக்குத்தான்!" என்றான்.

நடீன் மட்டும் கைதட்டவில்லை. கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து நின்றேன்.