கிழங்குக்குட்டிக்கு நிழல்

விஜயலெட்சுமி பென்சிலால் வரைந்த கிழங்குக்குட்டி மூன்றாவது தடவையாகவும் திரும்பி வந்துவிட்டது. காதுக்குப் பதில் இரண்டு இலை, காலுக்குப் பதில் ஐந்தாறு வேர், குண்டு வயிறு. பதுளையில் சிறுவர் புத்தகம் போடும் நளீரா மிஸ்ஸுக்கு உருவம் பிடித்திருந்தது. நிழல்தான் பிடிக்கவில்லை.

"தட்டையா இருக்கு விஜயா. வெளிச்சம் எந்தப் பக்கத்தில இருந்து வருதுன்டே தெரியல்ல. திங்களுக்குள்ள சரிவராட்டி வேற ஆளைத்தான் பார்க்கணும்" என்று போனில் சொல்லிவிட்டார்.

விஜயலெட்சுமிக்கு அழுகையே வந்தது. பூனாகலை மலையில் பகல் முழுக்கப் பனிமூட்டத்துக்குள் கொழுந்து பறிப்பவளிடம் வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேட்டால் அவள் என்னதான் சொல்வாள்? மூட்டத்தில் எல்லாப் பக்கமும் ஒரே வெளிச்சம். எதற்கும் நிழல் கிடையாது. கண்ணில் கண்டதுபோலவே கிழங்குக்குட்டியின் வயிற்றைச் சுற்றி ஒரே அளவாகக் கறுப்பைத் தேய்த்து வைத்திருந்தாள். முப்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அவள் பெயர் அச்சில் வர இருந்தது. அதற்கும் இப்படி ஒரு கேடு.

சனிக்கிழமை வேலை விட்டு வந்தபோது கால் கழுவக்கூடத் தெம்பில்லை. ஆனாலும் ஒரு பீட்ரூட்டை எடுத்து வரிசையாகக் கட்டிய தோட்டத்து லயத்தில் தங்கள் அறையின் நடுவில் வைத்தாள். அந்த அறைக்குள் வெளிச்சம் வர வாசல் ஒன்றுதான் வழி. பீட்ரூட்டின் ஒரு பக்கம் வெளுத்து, மறுபக்கம் கறுத்துக் கிடந்தது. இத்தனை நாள் இது புத்தியில் உறைக்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு பென்சிலைச் சீவினாள்.

பாதி வரைந்திருப்பாள், அறை இருண்டது. தேயிலைக்கு மருந்தடித்துவிட்டு வந்த புருஷன் ரமேஸ் வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன். வெளிச்சம் மறைக்குது."

"எந்திரிக்க முடியல விஜி. செத்த நேரம் விடு."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டத்தான் நிமிர்ந்தாள். பகலெல்லாம் மருந்து டாங்கி சுமந்த தோள் ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. வெளிப்பக்கம் திரும்பியிருந்த கன்னத்தில் வெளிச்சம். கண்ணுக்குக் கீழும் கழுத்துக் குழியிலும் நல்ல கறுப்பு. விஜயலெட்சுமி பீட்ரூட்டை ஓரமாகத் தள்ளினாள். கிழங்குக்குட்டிக்குத் தோளைச் சாய்த்தாள். கழுத்தடியில் பென்சிலை அழுத்தி, வெளிச்சத்தை நோக்கிப் போகப் போகக் கையை லேசாக்கினாள். தரையிலும் நீளமாக ஒரு நிழலை விழவிட்டாள். முடித்ததும் போனில் படம் பிடித்து மிஸ்ஸுக்கு அனுப்பினாள்.

திங்கள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் நிற்கும்போது மிஸ்ஸின் பதில் வந்தது. நிழல் சரியாக விழுந்திருக்கிறதாம், புத்தகத்துக்கு எடுத்தாயிற்றாம்.

சாயங்காலம் படத்தை ரமேஸிடம் காட்டினாள். கிழங்குக்கு ஒரு காதா என்று எப்போதும் கேலி பேசுகிறவன், அன்று அதன் சாய்ந்த தோளை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது நான்தானே?"

"ஆமாங்க."

"இவ்வளவு களைச்சுப் போயா இருக்கேன்?"

பதினோரு வருஷம் கூடவே இருந்தும், நிழல் போட வேண்டி வந்தபோதுதான் அந்தக் களைப்பைப் பார்த்தோம் என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ரமேஸ் படத்தை விட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஒன் மூஞ்சியும் இப்படித்தான் இருக்கு விஜி" என்றான். "ஒன்னைய யாரு வரையிறது?"