கண்ணுக்குத் தெரியாத பயில்வான்

பல் டாக்டருக்கு விமானப் பைத்தியம் முன்பே உண்டு. ஆனால் அப்போதெல்லாம் நோயாளிகள் வாயைத் திறந்தபடி படுத்திருந்ததால், மறுத்துப் பேச வழியில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு கேட்பதற்கு மனைவி ஒருவர்தான் மிச்சம். அந்த அம்மாள் தலைமையாசிரியையாக இருந்தவர். ஒரே பார்வையில் ஒரு பள்ளிக்கூடத்தையே உட்கார வைத்தவர். எழுந்து நின்ற மேசை நாற்காலிகள்கூட உட்கார்ந்துவிடும் என்பார்கள்.

டாக்டரும், மரக்கடை வைத்திருந்த அவருடைய மச்சானும் பழைய சின்ன விமானம் ஒன்றைப் பங்காக வைத்திருந்தார்கள். மச்சான் என்றால் தலைமையாசிரியையின் சொந்தத் தம்பி. அந்த விமானத்தை விற்றுவிட்டு டர்போப்ராப் வாங்குவதென்று முடிவாயிற்று. அதாவது ஜெட்டில் இருப்பது மாதிரியான இன்ஜின், ஆனால் மூக்கில் காற்றாடி சுழலும். எதை வாங்குவது என்பதில்தான் தகராறு.

டாக்டர் கண் வைத்ததற்கு வீட்டில் 'ஊசி' என்று பெயர். ஒல்லி உடம்பு. சக்கரங்களை வயிற்றுக்குள் மடக்கிக்கொண்டு மேகத்துக்கு மேலே பறக்கும். டாக்டர் கணக்குப்படி, இந்த ஊரில் தும்மினால் அடுத்த ஊரில்தான் மூக்கைத் துடைக்க முடியும். மச்சான் விரும்பியது 'பூசணி'. பெரிய வயிறு, மடங்காத தடிச் சக்கரம், லாரிக்கு இருப்பது போல ஒரு கதவு. வேகம் கம்மிதான், ஆனால் புல்லோ சரளைக்கல்லோ, எங்கே சொன்னாலும் இறங்கும்.

"அத்தான், உங்க ஊசியில குனிஞ்சு ஏறணும், தவழ்ந்து இறங்கணும். பூசணியில கட்டிலைப் போட்டுப் படுக்கலாம்."

"படுத்துக்கிட்டேதான் போகணும் மச்சான். அது போய்ச் சேர்றதுக்குள்ள பைலட்டுக்குப் பேரன் பொறந்துடுவான்."

வெளியில் வேகம் வேகம் என்று பேசினாலும், டாக்டரின் உள்மனசு ஆசை வேறு. மனைவியோடு சேர்ந்து பறக்க வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அந்த அம்மாளைப் பழைய விமானத்தில் ஏற்றியிருந்தார். மேகத்துக்குள் அது குலுங்கிய குலுக்கலில், இறங்கியதும் "இனிமே என் கால் தரையிலதான்" என்று சொன்னவர், சொன்னபடியே இருந்துவிட்டார். இத்தனை காலமும் பக்கத்து இருக்கையில் டாக்டரின் தொப்பிதான் பயணம் செய்தது.

இப்போது மகள் தூரத்துக் கடலோரத்தில் குடியேறியதால் அம்மாள் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார்.

"நடுவுல எங்கயும் இறங்காம அவ வீட்டுக்குப் போகும்னா, ஒரு தடவை வர்றேன். சரிப்படலைன்னா ரெண்டு பேரும் இந்தப் பேச்சை அத்தோட விட்டுடணும்."

விற்பனைக்கு விமானங்களை ஓட்டிக் காட்டுபவர் ஒரு பெண். எல்லாருக்கும் கேப்டன். அவருடைய கொட்டகையில் ஊசியும் பூசணியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஊசியில்தான் முதல் பயணம். வழியில் இறங்கக்கூடாது என்பதால் டேங்க் வழிய வழிய எரிபொருள் நிரப்பியிருந்தார்கள்.

தலைமையாசிரியை ஊசியின் மூக்கைச் சுற்றி வந்தார். "இன்ஜின் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். ஆனா ரொம்ப நம்பகமானதும்மா" என்றார் கேப்டன்.

"எனக்கும் ஒரே புருஷன்தான். அது ஓடுற லட்சணத்தைத் தினமும் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்."

சின்ன விமானத்தில் ஒரு சங்கடமான வழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன் ஒவ்வொருவரும் எடையைச் சொல்லியாக வேண்டும். தலைமையாசிரியை சொன்ன எடை கல்யாணப் போட்டோவில் இருந்தவருடையது. டாக்டர் திடுக்கிட்டார். எடை தப்பானால் விமானம் கிளம்ப மறுக்கும். மனைவி முன்னால் திருத்தினாலோ, அவரே கிளம்பிவிடுவார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கேப்டன் காதோரம் போய் மனைவியின் கணக்கில் கொஞ்சம் தாராளமாகக் கூட்டச் சொன்னார்.

கேப்டன் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டினார். பெட்டிகளை ஏற்றிய பின் ஒரு தடவை அதைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். மறுபடி டேப்லெட்டைப் பார்த்தார்.

"நிறைஞ்ச டேங்கோட இவ்ளோ எடைக்கு இது கிளம்பாது. எரிபொருளைக் குறைச்சுட்டு வழியில ஒரு இடத்துல இறங்கிப் போகலாம். இல்லைன்னா ஒருத்தர் நிக்கணும்."

"நான் அப்பவே சொன்னேன், பூசணின்னு!" மச்சானின் பல்லெல்லாம் தெரிந்தது.

"நடுவுல இறங்குறதா? அப்ப நானே நின்னுக்கிறேன்." தலைமையாசிரியை கைப்பையை எடுத்துக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. இனி என்னை விமானத்துக்குக் கூப்பிடுற பேச்சே வேண்டாம்."

டாக்டருக்குத் தெரியும். இந்தக் கைப்பை வீட்டுக்குத் திரும்பினால் திரும்பினதுதான். தொப்பிதான் இனி ஆயுசுக்கும் துணை.

"கேப்டன்... அவங்க எடையில நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன்."

கொட்டகைக் கூரையில் நடந்துகொண்டிருந்த புறாக்கள்கூட அப்படியே நின்றன.

"கொஞ்சம்னா?" தலைமையாசிரியையின் குரல் அமைதியாக இருந்தது. பள்ளிக்கூடங்கள் நடுங்கியது இந்த அமைதிக்குத்தான்.

"ஒரு... ஸ்கூல் பையன் அளவுக்கு."

"ரெண்டு பையன்" என்று திருத்தினார் கேப்டன். "உங்க தம்பியும் வந்து ஒருத்தனைச் சேர்த்துட்டுப் போனாரு."

மச்சான் அவசரமாகப் பூசணியின் சக்கரத்தை ஆராயப் போனார்.

"டேய், நில்லுடா! அக்கான்னு ஒரு மரியாதை இருக்கா உனக்கு?"

"நீங்களும் தனியா வந்து அவங்க ரெண்டு பேருக்கும் கூட்டச் சொன்னீங்களேம்மா" என்றார் கேப்டன் மெதுவாக.

"அது பாதுகாப்புக்கு."

"சரிதான். இந்தத் தொழில்ல ஆளை நம்பலாம், ஆள் சொல்ற எடையை நம்பக்கூடாது. அதனால எல்லாருக்கும் வழக்கமா கூட்டிப் போடுறதை நானும் போட்டுட்டேன்."

ஆக, நான்கு பேர் ஏறவேண்டிய விமானத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பயில்வான் பெட்டி படுக்கையோடு ஏறி உட்கார்ந்திருந்தான்.

பார்சல் நிறுக்கும் தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தலைமையாசிரியை, சொன்னதைவிட அதிகம். கணவர் கூட்டியதைவிட நன்றாகக் குறைவு. மச்சான் ஏறியதும் தராசு ஒரு முனகல் முனகியது. கடைசியில் டாக்டர் ஏறினார். இருக்கிற எல்லாரையும்விடப் பெரிய புளுகு அவருடையதுதான்! மனைவியும் கேப்டனும் போட்டி போட்டுக் கூட்டியும் எட்டவில்லை. மொத்தத்தில் பயில்வான் இறங்கிப் போனான். ஊசி நிறைந்த டேங்கோடு கிளம்பலாம் என்றாயிற்று.

"முன்னாடி, என் பக்கத்துல யாரு?" என்றார் கேப்டன்.

டாக்டர் மனைவியைப் பார்த்தார். கைப்பை இன்னும் தோளில்தான் இருந்தது.

"நான்" என்றார் தலைமையாசிரியை. "ஸ்கூல் பையனைத் தூக்கி என் தலையில வெச்சவரு பின்னாடி போகட்டும்."

அவ்வளவு வருஷம் விமானம் ஓட்டிய டாக்டர், பின்னிருக்கையில் முதன்முதலாக உட்கார்ந்தார். இருக்கை வால் பக்கம் பார்த்திருந்தது. முழங்கால் மோவாயை இடித்தது. எதிரே மச்சானின் முழங்கால்கள், அடுக்கி வைத்த விறகு மாதிரி. ஊசி பாய்ந்து கிளம்பியது. மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போனதும் ஒரு குலுக்கலும் இல்லை. வெயில் மட்டும் இருந்தது. டாக்டர் கழுத்தைச் சுளுக்கும் அளவுக்குத் திருப்பி முன்னே பார்த்தார். கைப்பை கீழே கிடந்தது. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் மனைவி சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"என்னங்க, இதையே வாங்கிடலாம்."

"அவசரப்படாதேம்மா... பூசணியையும் ஒரு தடவை பாத்துடலாம். பின்னாடி காலை நீட்டறதுக்கு..."

"அத்தான்! கட்சி மாறிட்டீங்களா?" மச்சான் கத்தினார்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. கேப்டன் ஏதோ சொல்லிக்குடுக்கிறாங்க."

விமானம் மெல்ல வலப்புறம் சாய்ந்தது. டாக்டர் மறுபடி எட்டிப் பார்த்தார். கேப்டனின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

"மகள் வீட்டுக்கு இன்னும் திருப்பணுமா, இது போதுமா?" என்று கேட்டது தலைமையாசிரியையின் குரல்.