ஆந்தைக்குக் கேட்கும்

மூன்றாம் வகுப்பின் சத்தம் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். பக்கத்து வகுப்பில் சுவரோரம் கிடந்த பெஞ்சுகளை எல்லாம் எதிர்ப்பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டார்கள். அதில் பாதிச் சத்தம் ஒரே ஒரு சிறுமியுடையது. அவளுக்கு சைரன் என்று பேர். பெற்ற அப்பாவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் பாவம், வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். அடிக்க மனசு வராது. அதட்ட ஆரம்பித்தால் பாதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

வீட்டில் தங்கச்சிதான் யோசனை சொன்னாள். "ஏன்க்கா இப்படி தொண்டைத் தண்ணி வத்தக் கத்துற? காசே கேக்காத சைட்டு எத்தனையோ இருக்கு. லேப்டாப்தான் இருக்கே, போட்டுக் காட்டேன்."

முதலில் போட்டது பந்து சைட். திரை முழுக்க வண்ணப் பந்துகள். லேப்டாப் மைக்கில் சத்தம் விழுந்தால் துள்ளும், அமைதியாக இருந்தால் கீழே படுத்துக்கிடக்கும். பிள்ளைகள் பேசாமல் இருந்து பந்துகளைத் தூங்க வைப்பார்கள் என்பது அதைச் செய்த புண்ணியவானின் கணக்கு. கத்தினால் பந்து துள்ளும் என்று தெரிந்த பிறகு எந்தப் பிள்ளை அதைத் தூங்கவிடும்? சைரன் ஒரு கத்துக் கத்தினாள். பந்துகள் எகிறின. மற்றவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

தலைமை ஆசிரியையின் குதிகால் செருப்பு வராண்டாவில் டக் டக்கென்று கேட்டாலே பெரிய வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அன்றைக்கு மூன்றாம் வகுப்புக்கு அது கேட்டால்தானே?

"இது வகுப்பா, சந்தைக்கடையா?" என்றார் அவர் வாசலில் நின்று. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்பவும் இப்படியே இருந்தா கணக்கு சார் இந்த வகுப்பை எடுத்துப்பார். நீங்க ஆபீஸ்ல உக்காந்து அட்டெண்டன்ஸ் ஏத்துங்க."

கணக்கு சார் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். அங்கே ஒரு பிள்ளை சிரித்து யாரும் கேட்டதில்லை. இத்தனை சத்தத்தையும் மீறி இந்தப் பிள்ளைகள் மேல் டீச்சருக்கு உயிர். அவர்களை விட்டுவிட்டு ஆபீஸில் உட்காருவதை நினைத்தாலே அழுகை வந்தது.

மறுநாள் பறவைகள் பாடம். தங்கச்சி அனுப்பிய இன்னொரு இலவச சைட்டைத் திறந்து, பள்ளிக்கூடத்துப் புரொஜெக்டரைச் சுவருக்குத் திருப்பினாள் டீச்சர். எங்கோ கடல்தாண்டிய ஒரு நாட்டில் தானியக் கொட்டகை, அதற்குள் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் கேமரா. இரவும் பகலும் நேரலை. முட்டைகளின் மேல் வெள்ளை முகத்தோடு ஓர் ஆந்தை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"டீச்சர், ஆந்தை!" என்று சைரன் வீறிட்டாள்.

அதே நொடியில் ஆந்தை கண்ணைத் திறந்தது. தலையைத் திருப்பி நேராக வகுப்பைப் பார்த்தது. தற்செயல்தான். ஆனால் நாற்பது பிள்ளைகளும் உறைந்துபோனார்கள்.

முன்வரிசையில் ஒரு குரல் கிசுகிசுத்தது. "பந்துக்குக் கேட்டுச்சுல்ல? இதுக்கும் கேக்குது."

இல்லை கண்ணுகளா, அது வேற, இது வேற என்று சொல்ல டீச்சர் வாயைத் திறந்தாள். அப்போதுதான் தலைக்கு மேலே மின்விசிறி கிரீச் கிரீச் என்று சுற்றுவது காதில் விழுந்தது. அந்த அறையில் ஒரு விசிறி சத்தம் போடுகிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து பிள்ளைகள் கால்விரல் நுனியில் உள்ளே வந்தார்கள். பென்சிலைப் பூப்போலக் கீழே வைத்தார்கள். வாய்ப்பாட்டைக் கிசுகிசுத்தே சொன்னார்கள். ஒருத்தன் பைக்குள் முகத்தைவிட்டுத் தும்மினான். டீச்சர் பொய் சொல்லவில்லைதான். உண்மையையும் சொல்லவில்லையே! அந்த உறுத்தலில் சாப்பாடு இறங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதக்கா," என்றாள் தங்கச்சி. "அப்புறம் நல்லவளா இருந்துக்கோ."

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஆந்தை லேசாக எழுந்து நகர்ந்தது. ஒரு முட்டையில் பொட்டளவு ஓட்டை. உள்ளிருந்து ஏதோ முட்டியது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு முட்டல்.

வராண்டாவில் டக் டக் வேகமாக வந்தது. மூன்றாம் வகுப்பில் சத்தமே இல்லை என்றால் பிள்ளைகளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறி வந்திருந்தார் தலைமை ஆசிரியை. யாரும் தடுப்பதற்குள் சைரன் எழுந்து வாசலுக்கு ஓடினாள், கால்விரல் நுனியிலேயே. உதட்டில் விரலை வைத்தாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்க மேடம். ஆந்தைக்குக் கேக்கும்."

தலைமை ஆசிரியை சிறுமியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஓடு பிளந்தது. ஈரத்தோடு, இளஞ்சிவப்பாக, தன் தலையைத் தானே தூக்கமுடியாத ஓர் உயிர் வெளியே சரிந்து விழுந்தது. தாய் குனிந்து அதைத் தொட்டது. டீச்சருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்தக் கடலுக்கோ அப்பால் இந்த நிமிஷம் பிறந்தது, சுண்ணாம்பு உதிர்ந்த இந்தச் சுவரில் பிறக்கிறது. கட்டணம் இல்லை, சீட்டு இல்லை, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட முடியுமா என்று அவளால் நம்பவே முடியவில்லை.

பள்ளி விடும் மணி அடித்தது. ஒருவரும் எழவில்லை.

இதற்குமேல் மறைக்க டீச்சரால் ஆகவில்லை. வகுப்பு போனாலும் போகட்டும். "நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "நாம பேசுறது ஆந்தைக்குக் கேக்காது. அன்னிக்கே சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியும் டீச்சர்," என்றாள் சைரன், அதே கிசுகிசுப்பில். "ரெண்டாம் நாளே நான் கிட்டப் போய் கூப்பிட்டுப் பாத்தேன். திரும்பவே இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்புறம் ஏம்மா யாரும் பேசல?"

சைரன் சுவரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேசத் தோணல டீச்சர்."

தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவரில் குஞ்சு முதல்முறையாகத் தலையைத் தூக்கப் பார்த்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, செருப்பைக் கையில் வைத்தபடியே, கடைசி பெஞ்சில் இடம்விட்ட பிள்ளைகளோடு அவரும் உட்கார்ந்துகொண்டார்.