சனிக்கிழமைச் சிலேட்டு

ஜெனிபர் கல்யாணமாகிப் புனேவுக்கு வந்த பிறகுதான், தன் புருஷனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அமல்ராஜ் தமிழில் பேசுவான், சண்டை போடுவான், பூசையில் எல்லாருக்கும் மேலே குரலெடுத்துப் பாடுவான். ஆனால் புனேவை ஒட்டிய கட்கியிலேயே பிறந்து, மராத்திப் பள்ளியில் படித்து, அப்பா வேலை பார்த்த ஆர்டினன்ஸ் பாக்டரியிலேயே ஸ்டோர்ஸில் சேர்ந்தவனுக்குத் தமிழ் எழுத்து கோலம் மாதிரி. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

அவள் கதை நேர் எதிர். காட்பாடியில் பத்தாவது வரை தமிழிலேயே படித்தவள், இங்கே வந்ததும் படிக்காதவளாகிப் போனாள். பஸ்ஸின் நெற்றியில் நம்பர்கூட மராத்தியில் இருந்தது. பாங்கில் தமிழில் கையெழுத்துப் போட்டால் உள்ளே இருப்பவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பதினோரு வருஷத்தில் அவள் தமிழில் படித்ததெல்லாம் ஜெபப் புத்தகமும், ஊரிலிருந்து வரும் காலண்டர் தாளின் பின்பக்கமும்தான்.

2004 செப்டம்பரில் மாதா திருவிழா மேடையில் சொல்லச் சிரிப்புத் துணுக்கு தேடிக் கட்கி பஜாரில் இருந்த சைபர் கபேக்குப் போனான் அமல்ராஜ். துணுக்கு கிடைக்கவில்லை. 'சனிக்கிழமைச் சிலேட்டு' என்று ஒரு மின்னஞ்சல் குழு கிடைத்தது. மஸ்கட், மதுரை, சிங்கப்பூர் என்று நாற்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கிரிஜா என்ற பெண் ஓர் எழுத்து விளையாட்டு அறிவிப்பாள். கம்ப்யூட்டரில் தமிழ் தெரியாதவர்களுக்காக அதையே ஆங்கில எழுத்திலும் போடுவாள். விதிகள் இரண்டுதான். பத்து வரியைத் தாண்டக் கூடாது. எழுதியவர், இன்னொருவர் எழுதியதில் தனக்குப் பிடித்த ஒரு வரியைச் சொல்லியே ஆக வேண்டும். குறை சொல்ல விதியில் இடமே இல்லை.

அந்த வார விளையாட்டு, 'உங்கள் வீட்டுப் பொருள் ஒன்று உங்களைப் பற்றிப் புகார் சொல்கிறது.' அமல்ராஜ் தன் ஸ்கூட்டரைப் பேச வைத்தான். தமிழைத்தான் எழுதினான், ஆனால் ஏபிசிடியில். கீழே 'அமல்ராஜ், கிர்க்கி' என்று போட்டான். கட்கிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது, பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் எழுதுவார்கள். மறுநாளே ஒருவர், இந்த இங்கிலீஷ் எழுத்துத் தமிழைப் படித்துத் தனக்குத் தலைவலி வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். கிரிஜா அவருக்குப் பதில் சொல்லவில்லை. அமல்ராஜ் எழுதிய பத்து வரியையும் உட்கார்ந்து தமிழ் எழுத்தில் மாற்றிக் குழுவில் போட்டுவிட்டாள்.

தான் எழுதியதே தனக்குப் படிக்க வராமல், அமல்ராஜ் அதை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

"ஜெனி, இத்த கொஞ்சம் படி."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் தாளை வாங்கினாள். "'என் முதலாளி என்னைத் தினமும் உதைத்துத்தான் எழுப்புகிறார். அவரை அவர் மனைவி தண்ணீர் தெளித்து எழுப்புகிறாள். யாருக்கு மரியாதை அதிகம் என்று நீங்களே சொல்லுங்கள்.' இன்னாங்க இது? ஸ்கூட்டரு பேசுது? இதுல நா வேற வரேன்!"

"அரே, நான் எழுதினதுதான். மேல படி."

அவள் நின்றபடியே முழுக்கப் படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள். தன் குரல் தனக்கே புதிதாகக் கேட்டது. "அடுத்த வாரம் இன்னா கேட்டுக்கிறாங்க?" என்றாள்.

"மழைன்ற வார்த்தை வராம மழையப் பத்தி எழுதணுமாம்."

"அத்த நா எழுதட்டா?"

இப்படித்தான் ஆரம்பித்தது. மகளின் பழைய நோட்டில் மீந்திருந்த பக்கங்களில் ஜெனிபர் பேனாவால் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் படிக்க, அமல்ராஜ் தன் பாக்கெட் டைரியில் ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டான். சைபர் கபேயில் போய்த் தட்டினான். கிரிஜா அதை மறுபடி தமிழாக்கினாள். தமிழில் கிளம்பிய எழுத்து ஊரைச் சுற்றிவிட்டுத் தமிழுக்கே வந்து சேர்ந்தது. 'ஜூனிலிருந்து எங்கள் வீட்டுத் துணிகளெல்லாம் சமையலறையில்தான் குடியிருக்கின்றன. என் கணவரின் காக்கிச் சட்டையை மோந்து பார்த்தே இன்றைக்கு எங்கள் வீட்டில் பூண்டு ரசம் என்று பாக்டரியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்' என்று அவள் எழுதியிருந்தாள். அமல்ராஜ் அச்செடுத்து வந்த தாளில் அதற்கு ஆறு பேர் பிடித்த வரி சொல்லியிருந்தார்கள். மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் இருதயராஜ் என்பவர், 'தங்கச்சி, இங்கே வருஷத்தில் ரெண்டு தூறல். உங்கள் சட்டை வாசனை இந்த அறை வரைக்கும் வந்தது' என்று எழுதியிருந்தார்.

முகம் தெரியாத ஒரு மனிதர் எங்கோ உட்கார்ந்து தன் ரசத்தை மோந்தார் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அந்த வாரம் முழுக்க அடுப்படியில் நின்று அந்த வரியையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. 'நீங்கள் தனியாக இருக்கும்போது உங்களைப் பார்ப்பது யார்?' என்ற விளையாட்டுக்கு அவள் பல்லியைப் பற்றி எழுதினாள். அமல்ராஜ் தட்டிய ஆங்கில எழுத்தில் பல்லியும் பள்ளியும் ஒன்றுதான். அந்தப் பல்லி குழுவுக்குப் பள்ளியாகப் போய்ச் சேர்ந்தது. 'நான் அழும்போதெல்லாம் பள்ளி சுவரில் ஊர்ந்து வந்து என்னைப் பார்த்து ச்சு ச்சு என்றது.' மதுரையிலிருந்து சரசா என்ற டீச்சர், 'படிப்பை விட்ட பெண்ணைப் பள்ளிக்கூடமே தேடி வந்து பரிதாபப்படுகிறது! இந்த வரிக்காக உங்களைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது' என்று எழுதியிருந்தார்.

ஜெனிபர் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஐயோ, அந்தம்மா கிட்ட சொல்லிடுங்க. அது பல்லிங்க, பல்லி!"

"சொல்ல வேணாம். இதுதான் ஏக்தம் மஸ்தா இருக்கு" என்றான் அமல்ராஜ்.

அவள் கேட்கவில்லை, உண்மையைச் சொல்ல வைத்தாள். கிரிஜா நூறு மன்னிப்புக் கேட்டாள். அடுத்த சனிக்கிழமைக்கு 'ஓர் எழுத்து மாறியதால் நடந்த விபரீதம்' என்பதையே விளையாட்டாகக் கொடுத்தாள். நாற்பது பேரும் ஒரு வாரம் சிரித்தார்கள். சரசா டீச்சர் மட்டும், பல்லியோ பள்ளியோ, தான் சொன்னதை வாபஸ் வாங்கப் போவதில்லை என்றார்.

மறுவருஷம் ஜூலையில் மூன்று சனிக்கிழமை விளையாட்டே வரவில்லை. நான்காவது வாரம் கிரிஜாவிடமிருந்து இரண்டு வரி வந்தது. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து, நடுநடுவே பிழை. பாணேர் ரோட்டில் வண்டி சறுக்கி வலது கை உடைந்துவிட்டது, இடது கையால் தட்டுகிறேன், மன்னிக்கவும்.

அமல்ராஜ் சைபர் கபேயிலிருந்து ஏறக்குறைய ஓடியே வந்தான். "ஜெனி, அந்தப் பொண்ணு பாணேர்ல இருக்காம்!"

"பாணேர்னா நம்ம பாணேரா? ஔந்த் தாண்டி?"

"அதேதான். நான் அமெரிக்கான்னு நெனச்சிட்டிருந்தேன்."

விலாசம் கேட்டு எழுதினான். 'கிர்க்கி என்றால் கட்கியா? இது தெரியாமலா ஒரு வருஷம் இருந்தேன்!' என்று பதில் வந்தது. அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெனிபர் கேழ்வரகு அடை சுட்டு டப்பாவில் கட்டிக்கொண்டாள். தூறலில் ஸ்கூட்டரில் போனார்கள்.

ஆறாவது மாடி. கதவைத் திறந்தது கிரிஜாவின் கணவன் ஹரீஷ். உள்ளே, கழுத்திலிருந்து தொங்கும் மாவுக்கட்டோடு நின்ற பெண்ணுக்கு இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. குழுவையே கட்டி மேய்ப்பவள், தலைநரைத்த அம்மாளாக இருப்பாள் என்றுதான் ஜெனிபர் நினைத்திருந்தாள்.

"வாங்க அக்கா" என்றாள் கிரிஜா. கோயமுத்தூர்ப் பேச்சு. "ஏதாவது பேசுங்க அக்கா, கேக்கறேன். ஒரு வருஷமா டைப் பண்றேன், உங்க குரல் எப்படி இருக்கும்னே தெரியாது."

"இன்னாத்த பேசறது? கை ரொம்ப வலிக்குதாம்மா?" என்றாள் ஜெனிபர். அதற்கே கிரிஜாவின் கண் கலங்கிவிட்டது.

அடை தின்று, டீ குடித்து, பேச்சு எங்கெங்கோ போய்க் குழுவுக்கு வந்தது. ஜெனிபருக்கு ஒரு சந்தேகம் நெடுநாளாக இருந்தது. "எல்லாத்துக்கும் புடிச்ச வரி சொல்ற. நீ எழுதனது ஒண்ணும் நா பாத்ததே இல்லியே?"

கிரிஜா சிரித்தாள். "எழுதுவேனுங்க அக்கா. எழுதி எழுதி அழிச்சிருவேன். அந்த பட்டன் கைக்குப் பக்கத்துலயே இருக்குது பாருங்க. நல்லா இல்லைன்னு தோணிரும். அடுத்தவங்களுக்குச் சொல்ற தைரியம் எனக்கு நானே சொல்லிக்க வர்றதில்ல."

"இந்த வாரத்துக்கு இன்னா வச்சிருந்த?"

"'பேர் தெரியாத ஒருத்தருக்கு நன்றி'ன்னு நினைச்சேன். எங்கீங்க, கைதான் இப்படி ஆயிருச்சே."

ஜெனிபர் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள். "நீ சொல்லு, நா எழுதறேன். பேனாவுல எழுதனா அழிக்க முடியாது."

கிரிஜா முதலில் வெட்கப்பட்டாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஜெனிபர் ஒரு சொல் விடாமல் எழுதினாள்.

'நான் விழுந்தபோது முதலில் ஓடி வந்தது ரோட்டோரம் மக்காச்சோளம் சுட்டு விற்கும் அம்மா. என் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை குழந்தே என்று மராத்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு மராத்தி தெரியாது. நான் வலிக்குதும்மா என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தோம். அடுப்பில் அவர் விட்டுவந்த சோளம் தீய்கிற வாசனை வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.'

எழுதி முடித்தும் ஜெனிபர் தலை நிமிரவில்லை. கடைசி வரியின் மேல் விரலை வைத்திருந்தாள். "எனக்குப் புடிச்ச வரி இதுதாம்மா" என்றாள்.

கிரிஜா நல்ல கையை நீட்டி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஜெனிபர் முதல்முறையாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பள்ளியில் படித்த ஏபிசிடி கைகொடுத்தது. எந்தச் சாவியைத் தட்டினால் எந்த எழுத்து வரும் என்று கிரிஜா சொல்லச் சொல்ல, ஒற்றை விரலால் தட்டினாள். திரையில் 'நா' என்று வந்ததும் கையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். அடுத்தது 'ன்'. அந்தச் சில வரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹரீஷ் இரண்டாவது டீ போட்டான். 'எழுதியது கிரிஜா, தட்டியது ஜெனிபர்' என்று கீழே போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறும் போனார்கள். பதினொரு பதில்கள் வந்திருந்தன. கிரிஜா ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. "பயமா இருந்துச்சுங்க அக்கா. நீங்களே வந்து படிக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜெனிபர் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தாள். இருதயராஜ் அதை அச்செடுத்துத் தன் அறையில் இருக்கும் ஏழு பேருக்கும் வாசித்துக் காட்டினாராம். சரசா டீச்சர், 'கிரிஜா, எங்கள் எல்லாருக்கும் சிலேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நீ மட்டும் கை கட்டி நின்றாயே. இப்போதாவது வந்தாயே' என்று எழுதியிருந்தார். அதைக் கேட்டதும் கிரிஜா அழுதாள். அழுதுகொண்டே, "இன்னொருக்கா படிங்க" என்றாள்.

கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கடைசியில் கேட்டிருந்தார்கள். அந்த அம்மாவைத் திரும்பப் பார்த்தாயா?

"பார்க்கல" என்றாள் கிரிஜா. "பார்த்தாலும் என்னன்னு சொல்றது? எனக்குத்தான் பாஷை வராதே."

இத்தனை நேரம் சோபாவில் சும்மா உட்கார்ந்திருந்த அமல்ராஜ் எழுந்தான். "அரே, நான் எதுக்கு இருக்கேன்? சலோ!"

ஹரீஷும் சேர்ந்து நான்கு பேரும் கிளம்பினார்கள். கிரிஜா விழுந்த அதே திருப்பத்தில் அந்த அம்மா, நீலத் தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து கரியடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். மாவுக்கட்டைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. விசிறியைப் போட்டுவிட்டு எழுந்து கிரிஜாவின் கன்னத்தைத் தடவினார். அமல்ராஜ் விஷயத்தைச் சொன்னான். இந்தப் பெண் உங்களைப் பற்றி எழுதியிருக்கிறாள், மதுரையிலும் மஸ்கட்டிலும் படித்திருக்கிறார்கள் என்றான். அவர் நம்பாமல் நான்கு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜெனிபர் நோட்டைப் பிரித்து ஒரு வரி படித்தாள். அமல்ராஜ் அதை மராத்தியில் சொன்னான். அடுத்த வரி. மறுபடி மராத்தி. மழை தார்ப்பாயில் சடசடவென்று விழுந்தது. கடைசி வரியை அமல்ராஜ் சொன்னதும் அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு ஒன்றல்ல, மூன்று சோளம் கரியாகிப் போனதாம்.

பெயர் கேட்டான் அமல்ராஜ். பார்வதி என்றார். ஜெனிபர் அங்கேயே நின்று நோட்டில் அதைத் தமிழில் எழுதிக் காட்டினாள். பார்வதி அந்த எழுத்துகளை விரலால் தொடாமல் மேலோட்டமாகத் தடவுவது போலச் செய்தார். பிறகு நான்கு பேருக்கும் சோளம் சுட்டு, எலுமிச்சையும் உப்பும் மிளகாயும் தேய்த்து, கையில் திணித்தார். கிரிஜாவால் ஒரு கையால் பிடித்துத் தின்ன முடியாது என்று, முத்துகளை உதிர்த்து ஒரு காகிதத்தில் போட்டுக் கொடுத்தார்.

தின்றுகொண்டிருக்கும்போது அமல்ராஜிடம் ஏதோ சொன்னார். அமல்ராஜ் ஜெனிபர் பக்கம் திரும்பினான்.

"இன்னொரு தடவை படிக்கணுமாம். நான் மராத்தியில சொல்ல வேணாமாம். நீ உன் பாஷையிலயே படிச்சாப் போதுமாம்."

ஜெனிபர் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தாள்.